வயிற்றறைத் தமனிகளின் மாறுபாடுகள்: வரலாறும் மருத்துவ முக்கியத்துவமும்

மனித வயிற்றறையில் உள்ள இரைப்பை, கல்லீரல், மண்ணீரல், கணையம், குடல், சிறுநீரகம் ஆகிய உறுப்புகளுக்கு வயிற்றுப் பெருந்தமனியிலிருந்து பிரியும் கிளைத் தமனிகள் குருதியைக் கொண்டு செல்கின்றன. இக்கிளைகள் எல்லா மனிதரிடமும் ஒரே இடத்தில் தொடங்கி ஒரே வழியில் செல்வதில்லை. பாடநூற் படத்திலிருந்து வேறுபட்டாலும் உறுப்பின் பணிக்குக் குறை செய்யாத இத்தகைய அமைப்புகள் உடற்கூற்றியலில் 'மாறுபாடுகள்' எனப்படுகின்றன. மாறுபாடு நோயன்று. அதனை உடையவர் அதைப் பற்றி ஏதும் அறியாமலே வாழ்நாள் முழுவதும் நலமாக இருக்கலாம். அவருடைய வயிற்றில் அறுவை சிகிச்சை நடக்கும் நாளில்தான் அது கவனிக்க வேண்டிய ஒன்றாகிறது.

இம்மாறுபாடுகள் பற்றிய அறிவு ஏறத்தாழ நானூறு ஆண்டுகளில் சிறிது சிறிதாகச் சேர்ந்தது. புதிய அறுவை முறைகள் தோன்றத் தோன்ற, அதுவரை அரிய செய்தியாக மட்டும் இருந்த மாறுபாடுகள் நோயாளியின் உயிரைக் காக்கும் செய்திகளாயின.

பாடநூல் காட்டும் அமைப்பு

பெருந்தமனி உதரவிதானத்தைக் கடந்து வயிற்றறைக்குள் வந்ததும், முன்பக்கத்தில் மூன்று கிளைகளை ஒன்றன் கீழ் ஒன்றாகத் தருகிறது. முதலாவது சீலியாக் தண்டு. குட்டையான இத்தண்டு இடது இரைப்பைத் தமனி, மண்ணீரல் தமனி, பொதுக் கல்லீரல் தமனி என மூன்றாகப் பிரிகிறது. இரண்டாவது மேல் குடல்தாங்கித் தமனி. இது சிறுகுடலுக்கும் பெருங்குடலின் வலப்பாதிக்கும் குருதி தருகிறது. மூன்றாவதான கீழ் குடல்தாங்கித் தமனி பெருங்குடலின் இடப்பகுதிக்குச் செல்கிறது. பக்கவாட்டில் சிறுநீரகம் ஒன்றுக்கு ஒன்று என இரு சிறுநீரகத் தமனிகள் பிரிகின்றன.

பொதுக் கல்லீரல் தமனி, முன்சிறுகுடலுக்கும் இரைப்பைக்கும் ஒரு கிளையைத் தந்தபின் கல்லீரலை நோக்கி மேலேறி வலது, இடது கல்லீரல் தமனிகளாகப் பிரிகிறது. வலது கல்லீரல் தமனியிலிருந்து பித்தப்பைத் தமனி என்ற மெல்லிய கிளை புறப்படுகிறது. மாணவர்கள் மனத்தில் பதித்துக்கொள்ளும் படம் இதுவே. இப்படம் எத்தனை பேருக்குப் பொருந்தும் என்ற கேள்விக்கு எண்ணிக்கையோடு விடை கூற நெடுங்காலம் ஆயிற்று.

ஒரே படம் உருவான விதம்

பண்டைய ரோமப் பேரரசின் மருத்துவரான கேலன், குரங்கு, பன்றி போன்ற விலங்குகளை அறுத்துப் பார்த்து எழுதிய உடற்கூற்றியலே ஐரோப்பாவில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் கற்பிக்கப்பட்டது. 1543இல் ஆந்திரேயஸ் வெசாலியஸ் மனித உடல்களைத் தாமே அறுத்து ஆராய்ந்து எழுதிய பெருநூல் வெளிவந்தது. கேலனின் பல கூற்றுகள் மனித உடலுக்குப் பொருந்தவில்லை என்பதை அது காட்டியது. உடலுக்கு உடல் வேறுபாடு இருப்பதை வெசாலியஸும் அறிந்திருந்தார். ஆயினும் கற்பவர் குழம்பாதிருக்க ஒரு பொது அமைப்பையே முன்வைக்க வேண்டும் என்று அவர் கருதினார். கற்பித்தலுக்கு அது தேவையும் ஆயிற்று. ஆனால் நாளடைவில் அந்தப் பொது அமைப்பே எல்லா மனிதரின் அமைப்பு என்ற எண்ணமும் வேரூன்றியது.

வெசாலியஸின் காலத்தவரான இத்தாலிய அறிஞர் பார்த்தலோமியோ யூஸ்டாக்கி வேறு வழியில் சென்றார். சிறுநீரகத்தைப் பற்றி மட்டும் தனியே ஒரு நூல் எழுதிய அவர், சிறுநீரகக் குருதிக்குழாய்களின் மாறுபாடுகளையும் அதில் கவனித்துப் பதிந்தார். மாறுபாடுகளைத் தனிப் பொருளாக எடுத்துப் பேசிய தொடக்ககால முயற்சிகளில் அது ஒன்று.

18ஆம் நூற்றாண்டில் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் பிறந்த ஆல்பிரெக்ட் ஃபொன் ஹாலர், ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார். ஒரே பகுதியைப் பல உடல்களில் திரும்பத் திரும்ப அறுத்துப் பார்த்து ஒப்பிடுவது அவருடைய முறை. 1743 முதல் 1756 வரை அவர் பகுதி பகுதியாக வெளியிட்ட படத்தொகுதி தமனிகளைத் துல்லியமாகக் காட்டியது. சீலியாக் தண்டு மூன்றாகப் பிரியும் அமைப்பு இன்றும் 'ஹாலரின் முக்காலி' என்று அவர் பெயராலேயே வழங்குகிறது.

எண்ணத் தொடங்கிய காலம்

19ஆம் நூற்றாண்டில் ஆய்வு படம் வரைவதிலிருந்து எண்ணுவதை நோக்கி நகர்ந்தது. 1822இல் ஹைடல்பர்க் பேராசிரியர் ஃபிரெடரிக் டீடமான், உடல் முழுவதன் தமனிகளையும் காட்டும் பெரிய படநூலை வெளியிட்டார். லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியின் ரிச்சர்ட் குவெயின் 1844இல் தமனிகளைப் பற்றிய தம் நூலை வெளியிட்டார். 1040 உடல்களில் கண்டவற்றை அடிப்படையாகக் கொண்ட அந்நூலுக்கு ஜோசப் மக்லீஸ் படங்கள் வரைந்தார். ஓர் அமைப்பு எத்தனை உடல்களில் எத்தனை முறை காணப்பட்டது என்று கணக்கிட்டுக் கூறியது அந்நூலின் சிறப்பு. ஒரு தமனியைக் கட்ட முனையும் அறுவை மருத்துவர், அது வேறிடத்தில் இருக்க எவ்வளவு வாய்ப்பு உண்டு என்பதை முன்கூட்டியே அறிய அது உதவியது.

ஆயிரம் உடல்கள் எங்கிருந்து வந்தன என்பதும் இவ்வரலாற்றின் ஒரு பகுதியாகும். பிரிட்டனில் அதற்கு முன் கொலைக் குற்றத்திற்காகத் தூக்கிலிடப்பட்டோரின் உடல்களே சட்டப்படி கிடைத்தன. அவை போதாமையால் கல்லறைகளிலிருந்து உடல்கள் திருடப்பட்டன. 1828இல் எடின்பரோவில் பர்க், ஹேர் என்ற இருவர், உடற்கூற்றுப் பள்ளிக்கு விற்பதற்காகவே ஆட்களைக் கொன்று வந்தது வெளிப்பட்டது. 1832இல் இயற்றப்பட்ட உடற்கூற்றியல் சட்டம், உரிமை கோருவோர் இல்லாத உடல்களை மருத்துவப் பள்ளிகளுக்கு வழங்க வழிசெய்தது. நடைமுறையில் அவை பெரும்பாலும் ஏழையர் இல்லங்களில் இறந்தோரின் உடல்களாக இருந்தன. இன்றைய நோயாளி பெறும் பாதுகாப்பில், சம்மதம் கேட்கப்படாத அந்த ஏழைகளுக்கும் பங்குண்டு.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆசியாவிலும் இத்தகைய ஆய்வு நடந்தது. ஜப்பானின் கியோட்டோ நகரப் பேராசிரியர் புன்தாரோ அடாச்சி, ஜப்பானியரின் தமனி மண்டலம் குறித்து ஜெர்மன் மொழியில் எழுதிய நூல் 1928இல் இரு தொகுதிகளாக வெளிவந்தது. 252 உடல்களை ஆராய்ந்த அவர், சீலியாக் தண்டும் மேல் குடல்தாங்கித் தமனியும் அமையும் விதங்களை 6 வகைகளாகவும் 28 குழுக்களாகவும் பிரித்தார். ஹாலரின் முக்காலி பெரும்பாலானோரிடம் இருப்பதை அவருடைய கணக்கு உறுதி செய்தது. மூன்றில் ஒரு கிளை பெருந்தமனியிலிருந்து நேராகப் பிரிதல், சீலியாக் தண்டும் மேல் குடல்தாங்கித் தமனியும் ஒரே அடியிலிருந்து தொடங்குதல் போன்ற அரிய அமைப்புகளும் அதில் இடம்பெற்றன.

மாறுபாடு தோன்றும் காரணம்

இம்மாறுபாடுகள் ஏன் தோன்றுகின்றன என்பதற்கு வியன்னாவின் ஜூலியஸ் டாண்ட்லர் 1904இல் கருவியல் வழியாக விளக்கம் தந்தார். கருவில் குடலுக்குச் செல்லும் தமனிகள் பெருந்தமனியிலிருந்து ஏணிப் படிகள் போல நான்கு வேர்களாகப் புறப்படுகின்றன. இவற்றை முன்பக்கத்தில் நீளவாட்டமான ஓர் இணைப்புக் குழாய் ஒன்று சேர்க்கிறது. இரைப்பை, மண்ணீரல், கல்லீரல் ஆகியவற்றுக்கான கிளைகள் இந்த இணைப்பிலிருந்தே கிளம்புகின்றன. பின்னர் நடுவிலுள்ள இரு வேர்கள் மறைகின்றன. முதல் வேர் சீலியாக் தண்டாகவும் நான்காம் வேர் மேல் குடல்தாங்கித் தமனியாகவும் நிலைக்கின்றன. இணைப்புக் குழாய், மூன்று கிளைகளுக்கும் கீழே அறுபடுவதே வழக்கம்.

அந்த அறுபடுதல் சற்று மேலே நிகழ்ந்தால், கல்லீரலுக்குரிய கிளை மேல் குடல்தாங்கித் தமனியின் பக்கம் தங்கிவிடும். இணைப்பு அறுபடாமல் ஒரு முனை வேர் மறைந்தால், எல்லாக் கிளைகளும் ஒரே தண்டிலிருந்து பிரியும். இவ்வாறு, எண்ணற்றவையாகத் தோன்றும் மாறுபாடுகள் ஒரு பொதுத் தொடக்க அமைப்பின் வெவ்வேறு முடிவுகளே என்பது தெளிவாயிற்று.

மைக்கேல்ஸின் இருநூறு உடல்கள்

கல்லீரல் தமனிகளைப் பற்றிய இன்றைய அறிவின் அடித்தளம் அமெரிக்க உடற்கூற்றியலாளர் நிக்கோலஸ் மைக்கேல்ஸின் உழைப்பாகும். பிலடெல்பியாவின் ஜெஃபர்சன் மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய அவர், 200 உடல்களின் மேல்வயிற்று உறுப்புகளுக்குச் செல்லும் குருதிக்குழாய்களைப் பொறுமையாகப் பிரித்து ஆராய்ந்தார். அதன் பயனாக 1955இல் படங்களுடன் கூடிய பெருநூல் வெளிவந்தது. 1966இல் கல்லீரல் தமனி அமைப்புகளை 10 வகைகளாகப் பிரித்துக் கட்டுரை எழுதினார்.

அவர் கணக்குப்படி, பாடநூல் காட்டும் அமைப்பு நூற்றுக்கு 55 பேரிடம் மட்டுமே இருந்தது. நூற்றுக்கு 10 பேரிடம் இடது கல்லீரல் தமனி முழுவதும் இடது இரைப்பைத் தமனியிலிருந்து பிரிந்தது. நூற்றுக்கு 11 பேரிடம் வலது கல்லீரல் தமனி மேல் குடல்தாங்கித் தமனியிலிருந்து வந்தது. நூற்றுக்கு 8 பேரிடம் இடப்பக்கத்திலும் 7 பேரிடம் வலப்பக்கத்திலும் வழக்கமான தமனியோடு கூடுதலாக ஒன்று இருந்தது. எஞ்சியவை அரிய வகைகள்.

வழக்கமான தமனி இல்லாமல் அதற்குப் பதிலாக வேறிடத்திலிருந்து வருவதை 'இடம்மாறிய தமனி' என்றும், வழக்கமானதோடு சேர்ந்து வருவதைத் 'துணைத் தமனி' என்றும் கூறுவர். 'துணை' என்ற சொல்லைக் கேட்டு அதனைக் கட்டி அறுத்தால் தீங்கில்லை என்று எண்ணிவிடக் கூடாது என்பதை மைக்கேல்ஸ் வலியுறுத்தினார். துணைத் தமனியும் கல்லீரலின் குறிப்பிட்ட ஒரு பகுதிக்குக் குருதி தருகிறது.

1994இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் ஹயாட், கப்பாய், புசுட்டில் ஆகியோர், உறுப்பு மாற்றுக்காக எடுக்கப்பட்ட 1000 கல்லீரல்களின் கணக்கை வெளியிட்டனர். அதில் வழக்கமான அமைப்பு நூற்றுக்கு 75.7 ஆக இருந்தது. இரு கணக்குகளையும் ஒப்பிடும்போது, எதை மாறுபாடாகக் கொள்வது, சிறு கிளைகளை எவ்வளவு நுணுக்கமாகத் தேடுவது என்பவற்றையும் கருத்தில் கொள்ள வேண்டும். எப்படிப் பார்த்தாலும் ஏறத்தாழ நால்வரில் ஒருவராவது படத்துக்கு வெளியே நிற்கிறார்.

அறுவை மேசையில் மாறுபாடுகள்

பித்தப்பை அறுவை: 1882இல் பெர்லினில் கார்ல் லாங்கன்புக் முதன்முதலாகப் பித்தப்பையை அகற்றினார். இவ்வறுவையில் பித்தப்பைத் தமனியையும் பித்தப்பை நாளத்தையும் கட்டி அறுக்க வேண்டும். அவற்றைத் தேட வேண்டிய முக்கோண இடத்தை அடுத்த பத்தாண்டுக்குள் பிரெஞ்சு மருத்துவர் கலோ வரையறுத்தார். சிலரிடம் வலது கல்லீரல் தமனி வளைந்து நெளிந்து பித்தப்பைக்கு மிக அருகில் வந்து திரும்பும். இங்கிலாந்தின் லீட்ஸ் நகர அறுவை மருத்துவர் மொய்னிஹன் பெயரால் 'மொய்னிஹன் திமில்' என இவ்வளைவு அழைக்கப்படுகிறது. இதனைப் பித்தப்பைத் தமனி என்று தவறாக எண்ணி அறுத்தால் கல்லீரலின் வலப்பகுதி தன் தமனியை இழக்கும்.

1985இல் ஜெர்மனியில் எரிக் மூஹே நுண்துளை வழியே பித்தப்பையை அகற்றினார். அம்முறை பரவியபின், கையால் தொட்டுத் துடிப்பை உணரும் வாய்ப்பு மருத்துவருக்கு இல்லாமற் போயிற்று. 1995இல் அமெரிக்காவின் ஸ்டீவன் ஸ்ட்ராஸ்பர்க்கும் உடன் பணியாற்றியோரும் ஒரு நெறியை முன்வைத்தனர். முக்கோணப் பகுதியைக் கொழுப்பு நீக்கித் தெளிவாக்கி, பித்தப்பையின் கீழ்ப்பகுதியைக் கல்லீரலிலிருந்து பிரித்து, பித்தப்பைக்குள் செல்பவை இரண்டே குழாய்கள் என்று கண்ணால் உறுதி செய்தபின்பே அறுக்க வேண்டும் என்பது அந்நெறி.

இரைப்பை அறுவை: 1881இல் வியன்னாவில் தியோடர் பில்ரோத் புற்றுநோய் கண்ட இரைப்பைப் பகுதியை வெற்றிகரமாக அகற்றினார். பின்னாளில் நிணநீர்க் கணுக்களையும் சேர்த்து அகற்றும் விரிவான முறை வளர்ந்தபோது, இடது இரைப்பைத் தமனியை அதன் அடியிலேயே கட்டுவது வழக்கமாயிற்று. அத்தமனியிலிருந்தே இடது கல்லீரல் தமனி பிரியும் நோயாளிக்கு இவ்வாறு செய்தால், கல்லீரலின் இடப்பகுதி பாதிக்கப்படலாம்.

கணைய அறுவை: 1935இல் நியூயார்க்கின் ஆலன் விப்பிள், கணையத்தின் தலைப்பகுதியையும் முன்சிறுகுடலையும் அகற்றும் அறுவை பற்றி எழுதினார். மேல் குடல்தாங்கித் தமனியிலிருந்து வரும் வலது கல்லீரல் தமனி பெரும்பாலும் கணையத் தலையின் பின்புறமாகவே மேலேறுகிறது. அது இருப்பதை அறியாமல் அறுப்பவர் அதையும் சேர்த்து அறுத்துவிடக் கூடும்.

கல்லீரல் காயம்: விபத்தில் கல்லீரல் கிழிந்து குருதி கொட்டும்போது, கல்லீரலுக்குள் நுழையும் குழாய்க் கற்றையை இறுக்கிப் பிடித்து நிறுத்தும் முறையை கிளாஸ்கோவின் ஹோகார்த் பிரிங்கிள் 1908இல் விவரித்தார். இடது இரைப்பைத் தமனியிலிருந்து வரும் இடது கல்லீரல் தமனி இக்கற்றையில் சேராமல் தனி வழியே செல்கிறது. ஆகவே பிடி இறுக்கியும் குருதி நிற்காவிட்டால், இம்மாறுபாட்டையும் நினைவில் கொண்டு தேட வேண்டும்.

உறுப்பு மாற்றும் தமனிகளும்

உறுப்பு மாற்று சிகிச்சை வந்தபின் மாறுபாடுகளின் முக்கியத்துவம் மேலும் உயர்ந்தது. கல்லீரலுக்கு வரும் குருதியில் ஏறத்தாழ முக்கால் பங்கு குடலிலிருந்து வரும் வாயிற்சிரை வழியாகவும் கால் பங்கு தமனி வழியாகவும் கிடைக்கிறது. ஆனால் பித்த நாளங்கள் தமனிக் குருதியையே நம்பியுள்ளன. மாற்றப்பட்ட கல்லீரலில் தமனி அடைபட்டால் பித்த நாளங்கள் அழுகி, அந்த உறுப்பையே இழக்க நேரிடலாம்.

1963 மார்ச் 1 அன்று டென்வர் நகரில் தாமஸ் ஸ்டார்சல் உலகின் முதல் கல்லீரல் மாற்று அறுவையைச் செய்தார். நோயாளியான குழந்தை குருதிப்போக்கால் அறுவையின்போதே இறந்தது. 1967இல்தான் ஓராண்டுக்கு மேல் பிழைத்த நோயாளி அமைந்தார். கொடையாளரின் கல்லீரலுக்கு இரண்டு, மூன்று தமனிகள் வரும்போது ஒன்றையும் அறுத்து விடாமல் எடுத்து, தேவைப்பட்டால் அவற்றை ஒன்றாகத் தைத்து, அதன்பின் நோயாளிக்குப் பொருத்துவது இன்றைய முறை.

சிறுநீரகத்திலும் இதே கவனம் தேவை. கருவில் சிறுநீரகம் இடுப்பறையில் தோன்றி மேலேறி வருகிறது. ஏறும் வழியில் புதிய தமனிகளைப் பெற, பழையவை மறைகின்றன. மறையாது தங்குபவையே கூடுதல் சிறுநீரகத் தமனிகள். ஏறத்தாழ நால்வரில் ஒருவரிடம் ஒரு பக்கத்திலாவது இவை காணப்படுகின்றன. சிறுநீரகத்திற்குள் தமனிக் கிளைகள் ஒன்றோடொன்று இணைவதில்லை. எனவே கூடுதல் தமனி ஒன்றைக் கட்டினால், அது குருதி தந்த பகுதி இறந்துவிடும். கீழ்முனைக்குச் செல்லும் சிறு தமனி சிறுநீர்க்குழாயின் மேற்பகுதிக்கும் குருதி தரக்கூடும் என்பதால் அதனை இழப்பது மேலும் தீங்காகும்.

1954 டிசம்பரில் பாஸ்டன் நகரில் ஜோசப் மர்ரே, ஒத்த இரட்டையரில் ஒருவரின் சிறுநீரகத்தை மற்றவருக்குப் பொருத்தி வெற்றி கண்டார். தமிழ்நாட்டில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 1971இல் இச்சிகிச்சை தொடங்கியது. இறந்தவரிடமிருந்து சிறுநீரகம் எடுக்கும்போது, எல்லாத் தமனி வாய்களையும் உள்ளடக்கிய பெருந்தமனித் துண்டையும் சேர்த்து வெட்டி எடுத்துப் பொருத்தலாம். குருதிக்குழாய்களைத் தைக்கும் முறையை வகுத்து 1912இல் நோபல் பரிசு பெற்ற அலெக்சிஸ் கரேலின் பெயரால் அத்துண்டு அழைக்கப்படுகிறது. உயிருடன் உள்ள கொடையாளரின் பெருந்தமனியை அவ்வாறு வெட்ட இயலாது. ஆகவே அவருடைய எந்தச் சிறுநீரகத்திற்கு எத்தனை தமனிகள் என்று முன்பே அறிந்து, எதை எடுப்பது என முடிவு செய்ய வேண்டும்.

உயிருள்ள உடலில் காணுதல்

உடலைத் திறக்காமலே தமனிகளைக் காணும் வழி 20ஆம் நூற்றாண்டில் பிறந்தது. 1929இல் லிஸ்பனில் ரெய்னால்டோ டோஸ் சான்டோஸ் முதுகுப்புறமாக நீண்ட ஊசியைச் செலுத்தி, பெருந்தமனிக்குள் மருந்தேற்றி எக்ஸ் கதிர்ப் படம் எடுத்தார். 1953இல் ஸ்வீடனின் ஸ்வென் செல்டிங்கர், தொடைத் தமனி வழியே மெல்லிய கம்பியைச் செலுத்தி, அதன்மேல் குழாயை ஏற்றும் எளிய முறையைக் கண்டார். 1970களில் சி.டி. ஸ்கேன் வந்தது. இன்று கைச் சிரையில் மருந்தேற்றிச் சில நொடிகளில் எடுக்கப்படும் சி.டி. படத்திலேயே வயிற்றறைத் தமனிகள் அனைத்தையும் முப்பரிமாணமாகக் காணலாம்.

ஆயினும் படம் எடுத்தால் மட்டும் போதாது. படத்தைப் பார்ப்பவர் எதைத் தேட வேண்டும் என்று அறிந்திருக்க வேண்டும். அவசர அறுவைகளில் படம் எடுக்க நேரமும் இருப்பதில்லை. அப்போது ஹாலரும் குவெயினும் அடாச்சியும் மைக்கேல்ஸும் சேர்த்து வைத்த கணக்கே துணை நிற்கிறது. மைக்கேல்ஸின் பட்டியலில் பாடநூல் அமைப்பு 'முதல் வகை' என்ற பெயரில் பத்தில் ஒன்றாக இடம்பெற்றுள்ளது. எஞ்சிய ஒன்பது வகைகளையும் படிக்கும் மாணவர், தம் முன் வரப்போகும் நோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப் பேரைப் பற்றிப் படிக்கிறார்.